யார் போனார்கள், யார் இருக்கிறார்கள்?



"தம்மாம்ல இப்ப இருக்கிற தமிழ்க் குடும்பங்க எல்லாம் வசதியானவங்கதான்" என்று போன கூடலில் ஒரு நண்பர் சொன்னார். சுற்றிப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றும். ஆனால் யாருக்குச் சம்பளம் கூடியது? விசாரித்தால், பலருக்கும் வருஷக்கணக்காக அதே சம்பளம்தான். பிறகு இந்த வசதி எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. சம்பளம் குறைந்தவர்களின் குடும்பங்கள் ஊருக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் சராசரி ஏறத்தான் செய்யும்.

2014-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்க சவூதி அரசு கண்ட வழிகளில் ஒன்று, வெளிநாட்டுத் தொழிலாளியின் குடும்பத்தார் மீதான கட்டணம். 2017 ஜூலையில் மனைவி, பிள்ளை என ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால். வருஷத்துக்கு 100 வீதம் ஏறி, 2020 ஜூலையில் 400 ஆனது. அதே மாதம் வாட் வரியும் 5 சதவீதத்திலிருந்து 15 ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால், வருஷத்துக்கு 14,400. மாதம் 4,000 ரியால் வாங்கும் டெக்னீஷியனுக்கு இது சம்பளத்தில் 30 சதவீதம். 24,000 வாங்கும் மேனேஜருக்கு 5 சதவீதம். வருமானத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் எண்ணும் வரி இது. யாரை வெளியே தள்ளும் என்று சொல்லவா வேண்டும்?

அல் கோபார் பக்கம் துக்பாவிலும், தம்மாமில் சீக்கோ சுற்றுவட்டத்திலும் இதைக் கண்ணால் பார்த்தோம். பள்ளிப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்துக்கு எக்ஸிட் அடித்தார்கள். குடும்பம் இருந்த ஃப்ளாட் பேச்சுலர் ரூம் ஆனது. இங்கே டீச்சர் வேலை பார்த்த மனைவியின் சம்பளமும் போச்சு. ஒரு வீட்டுச் செலவு இரண்டு வீட்டுச் செலவானது.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சவூதியில் 3.22 கோடிப் பேர். அதில் 1.34 கோடிப் பேர் வெளிநாட்டவர். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆண்கள். வளைகுடா என்றைக்கும் ஆண்கள் நிறைந்த இடம்தான். ஆனால் குடும்பத்தோடு வாழ்ந்தவரைத் தனி ஆளாக்குவது இயற்கை அல்ல, கொள்கை.

இதற்கு சவூதித் தொழிலாளியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. உள்ளூர் இளைஞர்கள் வேலை கேட்பது நியாயம். எண்ணெய் விலை விழுந்தால் அந்தச் சுமை குறைந்த சம்பளக்காரன் வீட்டில் ஏன் இறங்க வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

கேரளம் 1996-லேயே நோர்க்கா துறையைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் இப்போது அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. இங்கே இருப்பவர்களோடு நிற்காமல், திரும்பிப் போன குடும்பங்களையும் அது கணக்கெடுக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளி மாற்றம், வேலை இழந்த பெண்களின் பிழைப்பு எல்லாம் அதன் பொறுப்பு.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் விழாக்களில் குடும்பம் என்றால் முன் வரிசை, பேச்சுலர் என்றால் பின் வரிசை. அந்தப் பின் வரிசையில் இருப்பவருக்கும் குடும்பம் உண்டு. கூட வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். அடுத்த கூடலுக்கு அவர்களில் ஒருவரையாவது அழைத்து வாருங்கள். அவர் வீட்டு வரவு செலவிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.