குழிக்குள் ஆள் இறங்காத வேலைமுறை

மலக்குழியில் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம், இயந்திரம் வாங்கப்படும் என்ற அறிவிப்பும் கூடவே வருகிறது. பல உள்ளாட்சிகள் வாங்கியும் விட்டன. ஆனாலும் சாவு நிற்கவில்லை. 1993 முதல் பதிவான சாக்கடை, மலக்குழி மரணங்களில் தமிழ்நாட்டின் கணக்கு மட்டும் 200-ஐத் தாண்டுகிறது. நாட்டிலேயே அதிகமான எண்ணிக்கை நம் மாநிலத்தினுடையதுதான். இயந்திரம் வெளியே நிற்க, ஆள் ஏன் உள்ளே இறங்குகிறார்?

இத்தகைய கேள்விகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. தொழிலகப் பொறியியல் என்பார்கள். ஒரு வேலை எந்தெந்தப் படிகளாக நடக்கிறது, எந்தப் படியில் நேரம் வீணாகிறது, எங்கே ஆளுக்கு அடிபடுகிறது, எந்தப் படியை அடியோடு எடுத்துவிடலாம் என்று அது பார்க்கும். பாதுகாப்புக்கும் அங்கே ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே நீக்க வேண்டும். முடியாவிட்டால் இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் கடைசியில்தான். கார் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி ஒரு ஷிப்டில் எத்தனை முறை குனிகிறார் என்றுகூட எண்ணிப் பார்க்கிறார்கள். சாக்கடை வேலைக்கு மட்டும் அந்த அக்கறை வரவில்லை. காரணம் நமக்குத் தெரியும். 2024-ல் வெளியான ஒன்றிய அரசின் கணக்கெடுப்பில், சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்யும் சுமார் 38,000 பேரில் ஏறக்குறைய 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர்.

வீட்டு மலக்குழியையே எடுத்துக்கொள்வோம். லாரி வருகிறது, குழாயை விடுகிறார்கள், தண்ணீராக உள்ளதை மோட்டார் உறிஞ்சிவிடுகிறது. அடியில் கெட்டிப்பட்ட கசடு மட்டும் குழாயில் ஏறாது. அங்கேதான் ஆள் இறங்குகிறார். கசடைக் கிளறியதும் அதில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறுகிறது. அளவு கூடினால் இந்த வாயு முதலில் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதே மயக்கம் வரும். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார். ஒரே குழியில் இரண்டு, மூன்று பேர் சாவது இப்படித்தான்.

இந்தச் சாவைத் தடுக்கும் இடம் குழியின் வாய் அல்ல, நகராட்சியின் நாள்காட்டி. மலக்குழியை 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்தால் கசடு கெட்டிப்படாது. அப்படியும் தங்கியதை வேகமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து உறிஞ்சிவிடலாம். ஆள் இறங்கும் படியே தேவைப்படாது. ஆனால் நம் ஊர்களில் குழி நிரம்பி வழிந்த பிறகுதான் லாரிக்குப் போன் போகிறது. ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் தொட்டிக் கணக்கில் கூலி. சீக்கிரம் முடித்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போகலாம். அவசரத்தையும் ஆபத்தையும் கூலிமுறையே உண்டாக்குகிறது.

பாதாளச் சாக்கடையிலும் இதே கதைதான். துணி, பிளாஸ்டிக், கட்டட மணல் எல்லாம் சேர்ந்து குழாய் அடைக்கிறது. ஜெட் ராடிங் இயந்திரம் அதிக அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சி அடைப்பை உடைக்கும். ஆனால் பெரிய வண்டி குறுகலான தெருவுக்குள் நுழையாது. பழுதானால் உதிரிபாகம் வர நாளாகும். அந்த இடைவெளியில் மீண்டும் ஒரு மனிதரைக் கூப்பிடுகிறார்கள். தீர்வு தெரியாத சிக்கல் அல்ல இது. ஐதராபாத்தில் 2017-லேயே சந்துகளுக்குள் போகும் சிறிய ஜெட் வண்டிகள் 70 இறங்கின. கேரள இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' ரோபோ 2018-ல் திருவனந்தபுரத்தில் குழிக்குள் இறங்கி மண்ணை அள்ளியது. பின்னர் கும்பகோணத்துக்கும் வந்தது.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது. இயந்திரம் வந்தபின் அதன் இருக்கையில் யார் உட்காருகிறார்? கையால் அள்ளியபோது அந்த வேலை நம் மக்களுக்கு. விசை அழுத்தும் வேலையாக மாறியதும் வேறு ஆட்களுக்கு என்றால், இழிவோடு சேர்த்துப் பிழைப்பையும் பறிப்பதாகத்தான் ஆகும். ஐதராபாத்தில் அந்த வண்டிகளைத் தலித் தொழில்முனைவோர் சொந்தமாக்கிக்கொள்ள வழி செய்தார்கள். சென்னையிலும் 2024 டிசம்பரில், 200-க்கும் மேற்பட்ட கழிவுநீர் அகற்றும் வாகனங்கள் தூய்மைப் பணியாளர்களையே உரிமையாளர்களாக்கி வழங்கப்பட்டன. அந்த ஏற்பாடு தலைநகரோடு நின்றுவிடக் கூடாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 7-ஆவது பிரிவு ஆபத்தான முறையில் சாக்கடையோ மலக்குழியோ சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதைத் தடை செய்கிறது. அமர்த்துவது ஒப்பந்ததாரரானாலும் வீட்டுக்காரரானாலும் குற்றமே. 33-ஆவது பிரிவு நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதை உள்ளாட்சியின் கடமையாக்குகிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 2014-ல் 10 லட்சம் ரூபாய் என்று விதித்த உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தப் பணம் போன உயிரைத் திருப்பித் தராது.

ஆகவே நம் மாவட்டத்தின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகங்களின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு மலக்குழியும் கடைசியாகக் காலி செய்யப்பட்ட தேதியைப் பதிவேட்டில் ஏற்றி, முறை வைத்து லாரி அனுப்புங்கள். தெருவின் அகலத்தை அளந்து அதற்கேற்ற வண்டி வாங்குங்கள். பழுதானால் மாற்று வண்டி எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தொட்டிக் கூலியை ஒழித்து மாதச் சம்பளம் கொடுங்கள். இயந்திரப் பயிற்சியிலும் ஓட்டுநர் பணியிலும் வாகன உரிமையிலும், இதுவரை குழிக்குள் இறங்கியவர்களுக்கும் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் முதலிடம் கொடுங்கள். எந்தத் தெருவில் அடைப்பு விழும், எந்த மூடி திறக்காது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். திட்டம் போடும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி வேண்டும்.

இயந்திரத்தால் முடியாத வேலை மீதமிருந்தால், அன்றைக்கு வேலை நிற்கட்டும். தெருவில் சாக்கடை ஒரு நாள் வழிந்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும். அதற்காக ஒரு மனிதரை உள்ளே இறக்கும் உரிமை யாருக்கும் இல்லை.