பூட்டப்பட்ட எண்கள்: டிரிஃப்ட் காரின் டியூனிங்கும் கற்றலும்

கணினி விளையாட்டு என்றதும் கல்விப்புலத்தின் பேச்சு பெரும்பாலும் அடிமைத்தனத்தில் தொடங்கி வன்முறையில் முடிந்துவிடுகிறது. கரமனையில் வாடகை அறையில் தங்கிப் படிக்கும் பொறியியல் மாணவன் ஒருவன், ஃபோர்ஸா ஹொரைசன் 5 விளையாட்டில் ஒரு காரைச் சறுக்கி ஓட்டுவதற்காக நள்ளிரவு வரை டயர் அழுத்தத்தையும் சக்கரச் சாய்வையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறான் எனக் கொள்வோம். அந்தப் பேச்சில் அவனுக்கு இடமே இல்லை. ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, அதே வளைவை மீண்டும் ஓட்டி, விளைவைக் குறித்துக்கொள்பவனைப் பொழுதைக் கழிப்பவன் என்று எளிதாகத் தள்ளிவிட இயலாது.

டிரிஃப்டிங் ஜப்பானிய மலைப்பாதைகளிலும் பந்தயத் தடங்களிலும் உருவான கலை. 1970களில் குனிமிட்சு தகாஹாஷியும் பின்னர் கெய்ச்சி சுச்சியாவும் அதற்குப் பெயர் தேடித் தந்தனர். பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து பக்கவாட்டில் வழுக்க, ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பி, ஆக்ஸிலரேட்டரின் அழுத்தத்தால் அந்த வழுக்கலைத் தக்கவைத்தபடியே வளைவைக் கடக்கிறார். புதிதாக டியூனிங் செய்பவர் முதலில் நினைப்பது, வழுக்க வேண்டுமென்றால் பிடிமானத்தை இயன்றவரை குறைத்தால் போதும் என்பதுதான். குறைத்துப் பார்த்தால் கார் பம்பரமாய்ச் சுழன்று நின்றுவிடுகிறது. சில இரவுகள் கழிந்த பிறகே உண்மை புலப்படும்: முன்சக்கரங்களுக்கு மிகுந்த பிடிமானம் வேண்டும், பின்சக்கரங்களுக்கும் போதிய பிடிமானம் வேண்டும். அது இல்லையெனில் எஞ்சினின் ஆற்றல் புகையாகிப் போகுமே தவிர, காரை முன்னே தள்ளாது. உண்மையான டிரிஃப்ட் போட்டிகளிலும் நன்கு ஒட்டும் டயர்களையே அணிகள் தேடுகின்றன.

எஞ்சியவையும் இவ்வாறே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பின் டிஃபரன்ஷியலை ஏறக்குறைய முழுமையாகப் பூட்டினால் இரு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்று சேர்ந்தே வழுக்கும். பூட்டாவிட்டால் உட்புறச் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும். காஸ்டர் கோணத்தைக் கூட்டினால், கார் வழுக்கத் தொடங்கியதும் முன்சக்கரங்கள் எதிர்த்திசைக்குத் தாமே திரும்ப முனையும். வளைவு முழுவதையும் ஒரே கியரில் கடக்கும்படி இறுதி கியர் விகிதத்தை அமைக்க வேண்டும். வகுப்பறையில் ஐந்து தனித்தனிப் பாடங்களாக வரும் இவை, ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் ஒரே அமைப்பு என்பதை இந்த அட்டவணை கைப்பழக்கமாகவே கற்றுத் தந்துவிடுகிறது.

கேரளத்தில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறித்துக் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பொதுச்சாலையைப் பொறுத்தவரை இது சரியான தீர்ப்பே. (மாலை வேளையில் கரமனைப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு, அங்கே வண்டி நகர்வதே பெரிது என்பதும் தெரியும்.) முறையான பந்தயத் தடத்துக்குக் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே வரை போக வேண்டும். கல்லூரி அணிகள் தாமே கட்டிய கார்களுடன் ஃபார்முலா பாரத் போட்டிக்கு அங்கே சென்றிருக்கின்றன. அந்த வாய்ப்பு ஒரு கல்லூரியில் சிலருக்கே கிட்டும். மற்றவர்களுக்கு விளையாட்டின் டியூனிங் பக்கமே ஆய்வுக்கூடம்.

அந்த ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபோர்ஸா ஹொரைசனில் தேர்ந்த ஒருவர் தம் அமைப்பை ஒன்பது இலக்கக் குறியீட்டின் மூலம் உலகுக்குப் பகிரலாம். குறியீட்டை இட்டவர் அந்தக் காரை உடனே ஓட்டலாம். ஆனால் உள்ளே இருக்கும் எண்களைக் காண முடியாது. படைப்பவரின் உழைப்பைப் பிறர் தமதென்று சொல்லிக்கொள்ளாதிருக்க இந்தப் பூட்டு உதவும் என்பது உண்மையே. ஆயினும் அதற்குக் கற்பவர் தரும் விலை பெரிது. நன்றாக வழுக்கும் கார் ஒன்று கைக்கு வருகிறது. அது ஏன் வழுக்குகிறது என்பது வருவதில்லை. மூத்த மாணவரின் லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதுபவனுக்குக்கூட எண்களாவது கண்ணில் படும். இதற்கு மாறாக, இத்தாலியின் குனோஸ் சிமுலாட்சியோனி நிறுவனம் உருவாக்கிய அசெட்டோ கோர்ஸாவில் ஓர் அமைப்பு என்பது எவரும் திறந்து படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்பு. பகிர்ந்தவர் காஸ்டரை எவ்வளவு வைத்தார், எங்கே தவறினார் என்பதையெல்லாம் வரி வரியாகக் காணலாம், திருத்தலாம், மறுக்கலாம்.

இவ்வேறுபாட்டின் பொருளைத் திருவனந்தபுரத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2001இல் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இந்நகரில்தான். பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய திட்டமும் கரமனையை அடுத்த பூஜப்புரையிலிருந்தே இயங்கியது. மூலநிரலைப் படிக்கும் உரிமைக்காக இவ்வளவு வாதாடிய ஊரில், மாணவர்கள் தாமாகவே தேடிச் செல்லும் ஒரு ஆய்வுக்கூடத்தின் எண்கள் பூட்டப்பட்டிருப்பதை ஒருவரும் பொருட்படுத்தாதது விந்தை.

விளையாட்டின் இயற்பியல் உண்மையல்லவே என்று பேராசிரியர்கள் மறுக்கக்கூடும். உண்மைதான், திரையில் டயருக்குச் செலவில்லை, வளைவின் மறுபுறம் நடந்து வருபவர் எவரும் இல்லை. ஆனால் துறைகள் பெருந்தொகை கொடுத்து வாங்கும் உருவகப்படுத்தல் மென்பொருளும் எளிமையாக்கப்பட்ட ஒரு மாதிரியே. எந்த மாதிரி எங்கே பொய்க்கிறது என்று கண்டறிவதே நல்ல பயிற்சி. கரமனைக்கு அடுத்த பாப்பனங்கோட்டில், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 1995இல் நிறுவிய ஸ்ரீ சித்திரா திருநாள் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அத்தகைய ஒரு கல்லூரி, திறந்த அமைப்புக் கோப்பு ஒன்றைத் தந்து, பின் டிஃபரன்ஷியலை மாற்றும்போது காரின் நடத்தை எவ்வாறு மாறுகிறது, விளையாட்டின் கணக்கு எவ்விடத்தில் பாடநூலோடு முரண்படுகிறது என்று ஒரு பருவத்துச் சிறு திட்டப்பணியாகக் கேட்கலாம். அதற்கு ஒரு நடுத்தரக் கணினியும், விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரு வழிகாட்டியும் போதும்.