சாலைக்கு அல்ல என்று சொல்லி விற்ற கார்

1968-இல் கிரைஸ்லர் விற்ற டாட்ஜ் 'ஹெமி டார்ட்' காருக்கு வாரன்டி கிடையாது. பொதுச் சாலைக்கு அல்ல, பந்தயத்துக்குத்தான் என்று காரிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பெயின்ட்கூட அடிக்காமல், பிரைமர் பூச்சோடுதான் வாங்குபவர் கைக்கு வந்தது. இவ்வளவு நேர்மையாக விற்கப்பட்ட வேறொரு அமெரிக்கக் காரை நான் அறியேன்.

அந்தக் கார் இறங்கிய டிராக் பந்தயம் கால் மைல், ஏறக்குறைய 402 மீட்டர் நேர்ப்பாதை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி முந்த வேண்டும். அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு. டார்ட்டோ குடும்பங்கள் வாங்கிய சிறிய கார். அதற்குள் 7 லிட்டர் ஹெமி வி8 என்ஜினைத் திணிக்கும் வேலை மிச்சிகனில் ஹர்ஸ்ட் நிறுவனத்திடம் போனது. முன்பக்க மட்கார்டும் பானட்டும் ஃபைபர் கிளாஸ். கதவுத் தகட்டை அமிலத்தில் முக்கி மெலிதாக்கினார்கள். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக்கூட எடுத்துவிட்டு, ஒரு வாரைப் பிடித்து இழுக்கும்படி வைத்தார்கள். பின்சீட் இல்லை, ஹீட்டர் இல்லை. பேட்டரி டிக்கிக்குப் போனது. சீறிக் கிளம்பும்போது பின்சக்கரம் வழுக்காமலிருக்க எடை அங்கேதான் வேண்டும். மொத்தம் 80 கார்கள் அளவில்தான் செய்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, அதே டாட்ஜ் 2018 மாடலாக 'சேலஞ்சர் டீமன்' காரைக் கொண்டுவந்தது. பந்தய பெட்ரோலில் 840 குதிரைத்திறன். கால் மைலுக்கு 9.65 விநாடி. ஏசியின் குளிரை, என்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கத் திருப்பிவிட்டது அருமையான யோசனை. இதிலும் டிரைவர் சீட் தவிர மற்றதைக் கழற்றினார்கள். வேண்டுமானால் முன்சீட் ஒரு டாலர், பின்சீட் ஒரு டாலர். ஆனால், இத்தனை வேகத்தில் ஓடும் காருக்குள், உருண்டால் உயிர் காக்கும் இரும்புக் கூண்டு வேண்டும் என்பது பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் அப்போதைய விதி. டீமனில் கூண்டு இல்லை. தடை வந்தது. அந்தத் தடையையே விளம்பரமாக்கிக்கொண்டது டாட்ஜ்.

இது எனக்கு ஒப்பவில்லை. பாதுகாப்பு போதாது என்று பந்தயத் திடல் திருப்பியனுப்பிய காரை, நம்பர் பிளேட் மாட்டிப் பள்ளிக்கூட வாசல் வழியாக ஓட்டலாம் என்றால் என்ன நியாயம்? திடலில் எதிரே வண்டி வராது, தீயணைப்புக் குழு தயாராக நிற்கும். சாலையில் போகிறவர் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவரல்லர். 2023-இல் வந்த டீமன் 170 இன்னும் மேலே போய் 1,025 குதிரைத்திறனைத் தொட்டது. இப்படிப்பட்ட கார்களைத் தாராளமாகச் செய்யட்டும். பந்தயக் கார் என்றே சொல்லி, சாலைப் பதிவு இல்லாமல் விற்கட்டும்.

அப்படி விற்றால் யார் வாங்குவார்கள் என்பார்கள். சில டஜன் மட்டுமே விற்ற ஹெமி டார்ட் வகைக் கார்களுக்கென்றே, இந்த நூற்றாண்டிலும் இண்டியானாபொலிஸின் யு.எஸ். நேஷனல்ஸ் டிராக் பந்தயத்தில் தனிப் போட்டி நடந்திருக்கிறது.

- கட்டுரையாளர், மோட்டார் வாகனப் பொறியாளர்.