டவர் போனா ஆஸ்பத்திரி ஊமையாகக் கூடாது

1/ 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கா மக்களே? தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் கரண்ட் போச்சு, பல ஊர்ல செல்போனும் செத்துப் போச்சு. அடுத்த மழைக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.

2/ பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிக்கல, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். "ரத்தம் ரெடியா வைங்க, தியேட்டரைத் திறந்து வைங்க." இந்த ஒரு வரி ஆம்புலன்ஸுக்கு முன்னாடி போய்ச் சேரணும். அதுக்கு நாம பெரும்பாலும் நம்பி இருக்கறது செல்போனை மட்டும்தான்.

3/ "வாக்கி டாக்கி வாங்கலாமே, ஆனா தூரம் போகாதே டாக்டர்?" நல்ல கேள்வி. விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும். ஆள் உயரத்துல பிடிச்சா அதன் அடிவானம் சுமார் 5 கி.மீ. தான். கட்டடம், மரம், மேடு குறுக்கே வந்தா அதுவும் குறையும்.

4/ வாட்ஸை இரட்டிப்பாக்கினா தூரம் இரட்டிப்பாகாது. உயரம்தான் மருந்து. அதே ஆண்டெனாவை 30 மீட்டர் உயரத்துல வைங்க, அடிவானம் 20 கி.மீ.யைத் தாண்டும். மட்டமான கேபிளை நீளமா இழுத்தா மட்டும் பவர் வழியிலேயே வீணாயிடும்.

5/ நடுவுல மலை இருந்தா? ரிப்பீட்டர். குன்று மேல உக்காந்து ஒரு அலைவரிசையில கேட்கும், அதே நொடியில இன்னொரு அலைவரிசையில பலமா திருப்பிச் சொல்லும். மேட்டுல நிக்கறவர் ரெண்டு பக்கமும் குரல் கொடுத்து சேதி சேர்க்கிற மாதிரி.

6/ ரிப்பீட்டரும் சாகும். அதனால சோலார், பேட்டரி கட்டாயம். அது நின்னா செட்டுக்கு செட்டு நேரடியா பேச ஒரு சேனலும் முன்கூட்டியே ஒதுக்கி இருக்கணும். உரிமம் இல்லாம அலைவரிசையைத் தொடக்கூடாது, அது அரசு எடுத்துத் தர வேண்டியது.

7/ "ஹாம் ரேடியோக்காரங்க இருக்காங்களே?" இருக்காங்க. 2004 சுனாமி அன்னிக்கு அந்தமான்ல இருந்த ஹாம் குழு செய்த உதவி பெரிசு. ஆனா தன்னார்வலர்கள் உதவிக்கு வருவாங்க. அன்றாட ஆஸ்பத்திரி வேலையை அவங்க தலையில கட்ட முடியாது.

8/ என் கருத்து: தாலுகா ஆஸ்பத்திரி, மலை கிராம ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாத்துக்கும் ஒரு செட், உயரத்துல ஆண்டெனா, மாவட்டத்துக்குத் தேவையான ரிப்பீட்டர்கள். வாரம் ஒரு நாள் பேசிப் பார்க்கணும். டெஸ்ட் பண்ணாத ரேடியோவும் சார்ஜ் இல்லாத டீஃபிப்ரிலேட்டரும் ஒண்ணுதான்.

9/ உங்க எம்எல்ஏ ஆஸ்பத்திரிக்கு புதுக் கட்டடம் திறக்க வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டவர் போனா இங்கிருந்து எப்படிப் பேசுவாங்க?"