பெயர்ப்பலகை மட்டும் கம்பெனி ஆகாது!

தோட்டப் பாட்டாளித் தோழர்களே!

55 வயதாகி சேமநிதிப் பணம் கைக்கு வரும் நேரத்தில்தான் புதுப்புது உறவுக்காரர்கள் வீடு தேடி வருகிறார்கள். "அண்ணே, இப்ப பங்கு பத்துக் காசுதான். அமெரிக்காவுல ஏறிடுச்சுன்னா ரெண்டு வெள்ளிண்ணே! கையெழுத்துப் போடுங்க" என்று வழவழப்பான காகிதத்தை நீட்டுகிறார்கள்.

அந்தக் கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று கேட்டீர்களா? பெயர் பதிவில் இருக்கும். ஆலை இருக்காது, ஆள் இருக்காது, வரவு செலவும் இருக்காது. இதுதான் வெறுங்கூட்டுக் கம்பெனி.

புர்சா மலேசியா பங்குச் சந்தையில் ஏறிய கம்பெனி காலாண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். சந்தைக்கு வெளியே கைமாறும் பங்குகளுக்கு இந்தக் கெடுபிடி குறைவு. ஆகவே, தூங்கிக் கிடக்கும் கம்பெனி ஒன்றைச் சல்லிசாக வாங்கி, பெயரை மாற்றி, 'தங்கச் சுரங்கம் கிடைத்துவிட்டது' என்று அறிக்கை விடுகிறார்கள். நம்பி நாலு பேர் வாங்கினால் விலை ஏறும். ஏறியதும் தங்கள் பங்கை நம் தலையில் கட்டிவிட்டு நழுவிவிடுகிறார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2012 மே மாதத்தில் ஒரே நாளில் இத்தகைய 379 தூங்குமூஞ்சிக் கம்பெனிகளின் பங்கு வியாபாரத்தை நிறுத்தி வைத்தது.

'அது வெள்ளைக்காரன் ஊர்க் கதை' என்று தள்ளிவிடாதீர்கள். நம்மவர்கள் மைக்காவை மறந்திருக்க மாட்டார்கள். 1982ல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்சில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்ட தோட்டக் குடும்பங்கள் உண்டு. அது வெறுங்கூட்டுக் கம்பெனி அல்ல. ஆனால் அதன் பங்கு சந்தைக்கு ஏறவே இல்லை. விற்க நினைத்தவர்களுக்கு வழி இல்லை. 1990ல் இந்தியர்களுக்கென ஒதுக்கிய ஒரு கோடி தெலிகோம் பங்குகளில் மைக்காவுக்கு வந்தது 10 லட்சமே. மீதி 90 லட்சம், யாரும் அதிகம் கேள்விப்படாத மூன்று கம்பெனிகளுக்குப் போனது. பணம் போட்ட மக்களுக்கு விஷயம் தெரிந்தது 1992ல்! ஊழல் தடுப்பு நிலையம் விசாரித்தது. யார் மீதும் வழக்கு இல்லை. கடைசியில் 2010ல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தது. இடையில் கிடைத்த சொற்ப இலாப ஈவை விட்டுவிட்டால், 28 வருடம் காத்திருந்ததற்குக் கூலி அவ்வளவுதான்.

அதே பாட்டாளிகள் 1960ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்திலும் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டார்கள். அந்தப் பணம் தோட்டமாக, மரமாக, கண் முன்னால் நின்றது. போட்ட காசு எங்கே நிற்கிறது என்று காட்ட முடிந்தவனை நம்பலாம். காகிதத்தை மட்டும் காட்டுகிறவனை நம்பலாமா?

ஆகவே, கையெழுத்துக்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். மலேசிய நிறுவனம் என்றால், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே, கே.எல். சென்ட்ரலில், கம்பெனிப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம். இருக்கிறது. சிறு கட்டணம் கட்டினால் இயக்குநர் யார், மூலதனம் எவ்வளவு, கடைசியாக எந்த வருடம் கணக்குக் கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். அடுத்து, பங்குகள் ஆணையம் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லை என்பதால் மட்டும் நல்ல கம்பெனி என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கைப் பார்க்காமல் எந்தப் பங்கு விற்பனை மேடையிலும் மாலை போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஏழை தாலிக்கொடியைக் கழற்றுகிறாள்.

காசு கேட்க வரும்போது தமிழில் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். கணக்கு மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. தோழர்களே, கணக்கையும் தமிழில் கேளுங்கள்! சொல்லத் தயங்கினால், வாசலைக் காட்டுங்கள்!