நெய்வேலி ஷெட்ல தூங்குற பழைய புல்லட்... விலை கேட்கிறதுக்கு முன்னாடி ஆர்.சி-யைக் கேளுங்க!

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. குவார்ட்டர்ஸின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில், தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்திய ஒரு பைக். தார்ப்பாயைத் தூக்கினால் காற்று இறங்கிய டயர், சிலந்தி வலை கட்டிய ஸ்போக், டேங்க்கில் பாதி உரிந்த பெயர். வீட்டுக்காரர் இன்னும் சில மாதங்களில் ரிட்டயர் ஆகப்போகிறார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிவிடும். ஓடாத வண்டியை என்ன செய்வது? "எடுத்துக்கிறியா தம்பி? நல்லா ஓடுன வண்டி. கார்புரேட்டரை சுத்தம் பண்ணா ஸ்டார்ட் ஆயிடும்" என்கிறார்.

அந்த நொடியில் உங்க மனசுக்குள்ள ஒரு ரீல்ஸ் ஓட ஆரம்பிச்சிடும். துருவைத் தேய்க்கிற சீன், சிவப்பு பெயிண்ட் அடிச்ச ஃபிரேம், மேலே தூக்கிக் கட்டின சைலன்சர், பட்டன் டயர், செம்மண் புழுதி... பக்கா 'டிரயல்ஸ்' லுக்!

ஆசையில தப்பே இல்லை. ஆனா, கடந்த சில வருஷங்களில் பழைய வண்டிகளுக்கான சட்டம், கட்டணம், பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல் என எல்லாமே மாறியிருக்கு. அதைக் கவனிக்காம அட்வான்ஸ் கொடுத்தா, வண்டி ரெடியாகும், ரோட்டுக்குத்தான் வராது.

டிரயல்ஸ்னா என்ன?

டிரயல்ஸ் என்பது வேகப் போட்டி இல்லை. பாறை, சேறு, மரவேர், ஓடை என்று குறித்து வைத்த பாதையில், கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில், கால் தரையில் படாமல் வண்டியை நகர்த்த வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. பாதையை முடிக்க முடியாமல் நின்றுபோனால் 5. குறைந்த புள்ளி எடுத்தவரே ஜெயித்தவர்.

நம்ம ஊர் புல்லட்டுக்கு இந்த விளையாட்டோடு பிறவித் தொடர்பு உண்டு. பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த புல்லட் 1948-ல் முதலில் தலைகாட்டியதே இங்கிலாந்தின் கோல்மோர் கப் டிரயல்ஸ் போட்டியில்தான். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியிலும் புல்லட் ஓட்டியவர்கள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். 1952-ல் ஜானி பிரிட்டன் 350 சி.சி புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரயல்ஸை ஜெயித்தார். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1955-ல், மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பித்தது.

அந்தப் பழைய பெருமையை வைத்துத்தான் ராயல் என்ஃபீல்ட் 2019 மார்ச்சில் 'புல்லட் டிரயல்ஸ்' 350, 500 என இரண்டு மாடல்களை இறக்கியது. 350-க்கு சிவப்பு ஃபிரேம், 500-க்குப் பச்சை ஃபிரேம். பி.எஸ் 6 வந்த 2020-ல் அந்த மாடல்களும் நின்றுபோயின. புதுசாக வாங்க முடியாது. அதனாலதான் பழைய புல்லட்டை வாங்கி அதே மாதிரி மாத்திக்கலாம்னு பலருக்கும் தோணுது.

ஏன் நெய்வேலி?

என்.எல்.சி தொடங்கப்பட்டது 1956-ல். ஷிஃப்ட் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் இது. சைக்கிள், ஸ்கூட்டர், பைக் எல்லாமே இங்கே வேலைக்கான சாமான்கள். 1962-ல் மின்சாரம் தர ஆரம்பித்த முதல் அனல் மின்நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது. அந்தத் தலைமுறை ஓட்டின வண்டிகளில் சில இன்னும் ஷெட்டுகளில் நிற்கின்றன. புல்லட், எஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ் 100... பெரும்பாலும் ஒரே ஓனர் கையில் இருந்தவை. பழைய வண்டி தேடுறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனா, இங்கே ஒரு சிக்கலும் உண்டு. டவுன்ஷிப் வீடு கம்பெனியுடையது. ரிட்டயர் ஆனவர் கும்பகோணமோ கோயம்புத்தூரோ கிளம்பிவிடுவார். இன்று கையெழுத்து வாங்காமல் விட்டால், நாளைக்கு அவரைத் தேடி அலையணும். அவருக்கும் கிளம்புற அவசரம், உங்களுக்கும் வாங்குற அவசரம். ரெண்டு அவசரமும் சேர்ந்தா, முதல்ல விட்டுப்போறது பேப்பர் வேலைதான்.

உங்க வண்டிக்கு வயசு என்ன?

தனியார் வாகனத்தின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு. பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு 20 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை இரட்டிப்பாக்கியது. பைக்குக்கு 1,000 ரூபாயாக இருந்தது 2,000 ஆனது. இதோடு தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு.

2,000 ரூபாய் பெரிய தொகையாத் தெரியாம இருக்கலாம். கவனிக்க வேண்டியது தாமதக் கட்டணத்தை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய விதிப்படி, பைக்கின் பதிவைப் புதுப்பிக்கத் தாமதமானால் மாதம் 300 ரூபாய் கூடுதல். ஐந்து வருஷத் தாமதம் என்றால் 60 மாதம், 18,000 ரூபாய்! 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' கதைதான். அதனால உங்க வண்டிக்கு இந்தக் கணக்கு எவ்வளவு வரும்னு ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்ட பிறகு விலை பேசுங்க.

"அப்போ வின்டேஜ்னு பதிவு பண்ணிடலாமே?" என்று கேட்கலாம். 2021 ஜூலையில் அதற்குத் தனி விதியே வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டியிருக்க வேண்டும். 1975-ல் பதிவான வண்டிக்கு 2025-ல்தான் 50 நிறைந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதுசாகப் பதிவு செய்தால் எண்ணில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனா, வின்டேஜ் வண்டியைத் தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போட என்று குறிப்பிட்ட தேவைகளுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம். வடலூர் வரைக்கும் டீ குடிக்கப் போக ஆகாது. இன்னொரு நிபந்தனை ரொம்ப முக்கியம்: சேஸிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது.

ஆர்.எக்ஸ் 100 தேடுபவர்களுக்கு ஒரு கணக்கு. அது தயாரானது 1985 முதல் 1996 வரை. கடைசி வண்டியும் 20 வயதைத் தாண்டிவிட்டது. முதல் வண்டியே 2035-ல்தான் 50-ஐத் தொடும். ஆக, எந்த ஆர்.எக்ஸ் 100 வாங்கினாலும் இப்போதைக்கு வின்டேஜ் கிடையாது. 2,000 ரூபாய் கட்டி, ஆய்வுக்கு நிறுத்தி, ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற வழி மட்டும்தான்.

மாத்திக் கட்டினா என்ன ஆகும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஃபிரேமை வெட்டி சப்ஃபிரேம் வெல்டு பண்றது, வேற இன்ஜின் ஏத்துறது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஆர்.சி-யில் நிறமும் எழுதியிருக்கும். சிவப்புக்கு மாத்தினா அதையும் பதியணும். 1970-களின் புல்லட் ஒன்றை வெட்டி டிரயல்ஸ் ஆக்கினால், இன்னும் சில வருஷத்தில் அதுக்குக் கிடைச்சிருக்க வேண்டிய வின்டேஜ் தகுதியையும் நீங்களே கெடுத்துட்டீங்கன்னு அர்த்தம்.

என் கருத்து இதுதான்: பழைய வண்டியை அது பிறந்த மாதிரியே மீட்டெடுங்க. டிரயல்ஸ் லுக் கட்டாயம் வேணும்னா, 2019-20 புல்லட் டிரயல்ஸையே செகண்ட் ஹேண்டில் தேடுங்க. அது கம்பெனியிலிருந்தே அப்படி வந்த வண்டி. அதன் 15 ஆண்டுப் பதிவும் இன்னும் முடியலை.

பேப்பரில் பார்க்க வேண்டியவை

முதலில் எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்க. மூன்றெழுத்துப் பதிவு எண் கொண்ட ரொம்பப் பழைய வண்டிகளின் விவரம் கணினியில் ஏறாமலே இருக்கலாம். கையால் எழுதிய ஆர்.சி புத்தகம் இருந்தால், அதை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் காட்டி, கணினியில் ஏற்ற முடியுமா என்று கேட்டபிறகு பணம் கொடுங்க.

அடுத்து, வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, சேஸிஸ் எண் மேல் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்க. இன்ஜின் எண்ணையும் அப்படியே. ரெண்டும் ஆர்.சி-யோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தணும். ஒரு எண் இடித்தாலும் வண்டியை விட்டுடுங்க, எவ்வளவு மலிவா கிடைச்சாலும்.

படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நம்ம ஊர்ப் பழக்கம். சட்டப்படி, விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி-யில் பெயர் இருப்பவருக்குத்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாசமாக வண்டியைக் கொடுத்த அந்தப் பெரியவர் ரிட்டயர் ஆன பணத்தோடு கோர்ட்டுக்கு அலையணுமா?

ஓனர் இறந்திருந்தால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, பிறகே உங்கள் பெயருக்கு. பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் 'பி.ஒய்' வண்டிகளும் விலைக்கு வரும். அதுக்கு அங்கிருந்து என்.ஓ.சி வேணும், இங்கே வரியும் கட்டணும்.

இரும்பில் பார்க்க வேண்டியவை

கிக்கரை மெதுவா மிதிங்க. இறங்கி, எதிர்ப்பு காட்டினால் நல்லது. கல்லு மாதிரி நின்றால் பிஸ்டன் ஒட்டியிருக்கலாம். லேத் பட்டறை, ரீ-போர் என்று செலவு இழுக்கும். தொளதொளன்னு இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. டேங்க் மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கான்னு பாருங்க. இன்ஜின் பாகம் தேடலாம், செய்துகூட வாங்கலாம். ஆனா ஒரிஜினல் மட்கார்டு, டூல் பாக்ஸ், ஹெட்லைட் கிண்ணம் போன்றவை தொலைந்திருந்தால் சென்னை புதுப்பேட்டை வரை அலையணும். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதையும் முதல் ரவுண்டுக்கு முன் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ரப்பர்களை எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாத்துங்க. ஓட்டாம நிறுத்தும்போது கார்புரேட்டரைக் காலி பண்ணிடுங்க.

எங்கே ஓட்டுறது?

நெய்வேலியில் கண்ணுக்கு எதிரே மலை மாதிரி நிற்கிற சுரங்க மண்மேடுகளைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அது சுரங்கப் பகுதி. அனுமதியில்லாம நுழையக் கூடாது, சரியுற மண் வேற. பண்ருட்டிப் பக்கம் தெரிஞ்சவங்க முந்திரித்தோப்பு இருந்தால் அனுமதி கேட்டு, நாலு கல், ரெண்டு வேர் வைத்துப் பாதை குறித்துக்கோங்க. கால் ஊன்றாம கடக்க முடியுதான்னு பாருங்க. இப்போதைய டிரயல்ஸ் பைக்குகள் 70 கிலோ அளவில்தான் இருக்கின்றன. புல்லட் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜானி பிரிட்டன் எதை ஜெயித்தார் என்று உங்க தோள்பட்டை சொல்லும்.

தார்ப்பாயைத் தூக்கிக் காட்டும் அந்த சாரிடம், "எவ்வளவு சார்?" என்று ஆரம்பிக்காதீங்க. "ஆர்.சி புக் எங்க சார்?" என்று கேளுங்க. பீரோவுக்குள் எங்கேயாவது, பிளாஸ்டிக் கவரில் சுத்தி வெச்சிருப்பார். அதைத் தேடி எடுக்கும்போது, வண்டி வாங்கின வருஷம், முதல் ஷிஃப்ட், பின் சீட்டில் யாரை உட்கார வெச்சு எந்த ஊருக்குப் போனார் என எல்லாம் சொல்வார். கேட்டுக்கிட்டே அவரோட புது ஊர் அட்ரஸும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கோங்க. அவர் லாரி ஏறுறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ ஆபீஸ் வேலையை முடிச்சிடுங்க. வண்டி ரெடியானதும் முதல் வீடியோவை அவருக்கு அனுப்புங்க!