மீனுக்கு உண்டு வரையறை, விரலுக்கு இல்லை

இந்தியாவில் பணியிட வெப்பநிலை என்றதும் வெயிலும் உலைக்கூடமுமே நினைவுக்கு வருகின்றன. சட்டமும் அவ்வாறே நினைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உழைப்போருக்கு நியாயமான வசதி தருவதும் உடல்நலத்துக்கு ஊறு செய்யாததுமான வெப்பநிலை பணியறையில் நிலவ வேண்டும் என்று பொதுப்படத் தொடங்கியது. இதில் குளிருக்கும் இடமிருந்தது. ஆனால் தொடர்ந்து வந்த விதிகள் ஒரே திசையில் சென்றன: வெப்பம் மிகக்கூடாது; இயன்றவரை தணிக்கப்பட வேண்டும்; சுவருக்கு வெள்ளையடிக்கலாம், கூரையை உயர்த்தலாம். 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் வெப்பக் காலத்தில் குடிநீரைக் குளிர்விக்க வேண்டும் என்றது 18ஆம் பிரிவு. குளிரில் நிற்பவருக்கு வெந்நீர் தர வேண்டும் என்னும் வரி அதில் இருக்கவில்லை. தமிழின் ‘தட்பவெப்பம்’ என்னும் சொல்லில் தட்பம் முன்னிற்கிறது; சட்டத்தில் அது விடுபட்டுப் போயிற்று.

இன்று குளிர், பருவம் தருவது மட்டுமன்று, தொழிலுக்காக உண்டாக்கப்படுவது. உறைமீன் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்கும் கீழோ இருக்க வேண்டும் என்பது தர விதி. அதே மீனையும் இறாலையும் பனிக்கட்டிக்கு நடுவே உரித்துத் தரம் பிரிக்கும் பெண்களின் விரல்களுக்கு அத்தகைய எண் எதுவும் வகுக்கப்படவில்லை. உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் உருளைக்கிழங்குக் கிடங்குகளின் உட்புறம் 2 முதல் 4 டிகிரி. கோடையில் 40 டிகிரி வெயிலிலிருந்து மூட்டை தூக்குவோர் அதனுள் சென்று திரும்புகின்றனர். அலுவலகங்களில் குளிர்சாதனத்தின் அளவை ஒருவர் முடிவுசெய்ய, மற்றவர் வீட்டிலிருந்து சால்வை கொண்டுவருகிறார். காப்பின் செலவு உழைப்பவர்மீதே விழுகிறது.

பிரிட்டனின் 1992ஆம் ஆண்டுப் பணியிட விதிகளுக்கான நடைமுறை வழிகாட்டி, பணியறைக்கு 16 டிகிரியையும் கடும் உடலுழைப்புக்கு 13 டிகிரியையும் கீழெல்லையாகக் காட்டுகிறது. அலுவலகத்துக்கு இது பொருந்தலாம். பொருளைக் காக்கக் குளிர் தேவைப்படும் கிடங்கில் அறையைச் சூடாக்க இயலாது என்பர் உரிமையாளர்; அது மெய்யே. அறையின் குளிரை மாற்ற இயலாதெனில், அதில் மனிதர் நிற்கும் நேரத்தை வரையறுக்கலாம். தொடர்ந்து வேலை செய்வதற்கு உச்சவரம்பு, ஊதியம் குறையாத இடைவேளை, வெதுவெதுப்பான ஓய்வறை, நிறுவனச் செலவில் உலர்ந்த கையுறையும் காலணியும் காப்புடையும் ஆகியவை விதியில் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அவை உரியவை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, வெப்பநிலையை விதிகளின் பொறுப்பில் விட்டிருக்கிறது. உடனடி ஆபத்தை அஞ்சும் ஊழியர் முறையிடவும் அது உரிமை தருகிறது. ஆனால் குளிரின் தீங்கு பெரும்பாலும் உடனடியானதன்று. விரல் மரத்துப்போகிறது, பிடி தளர்கிறது, கத்தி நழுவுகிறது. அதன்பின் பதிவேட்டில் ஏறுவது ‘வெட்டுக்காயம்’ மட்டுமே; அதற்குக் காரணமான குளிர் பதிவாவதில்லை.

வெப்ப அலையும் உழைப்பும் குறித்த ஆய்வுகள் பெருகிவருவது வரவேற்கத்தக்கது. அதே வெயிலில் நடந்துவந்து குளிர்க்கிடங்கின் கதவைத் திறப்பவரையும் அவ்வாய்வுகள் பின்தொடர வேண்டும். பதிவாகாத தீங்குக்கு எந்த அரசும் விதி எழுதுவதில்லை.